சாந்தா அக்கா கடை ஃப்ரிட்ஜில் மல்லிகாவின் இருபது டப்பா

வாயைத் திறக்கவே யோசிக்கிறவளுக்கு ஊரைக் கூட்டிப் பேசுகிற வேலை கிடைத்தால், அதுவும் தாய்ப்பாலைப் பற்றிப் பேசுகிற வேலை கிடைத்தால், அந்தத் தொழிலை என்னவென்று சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. சம்பளச் சீட்டில் மட்டும் ஊட்டச்சத்து ஆலோசகர் என்று போட்டிருக்கிறார்கள்.

கலசப்பாக்கத்துப் பக்கம் பிறந்து, கல்லூரியில் ஊட்டச்சத்து படித்து, ஜவ்வாது மலைமேல் ஒரு சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கல்லூரியில் எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். அதை டீக்கடை வாசலில் நாற்பது பேர் நடுவில் சத்தமாக எப்படிச் சொல்வது என்று மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கூச்சத்தை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வேலைக்குப் போக முடியாத என் இனத்து மக்களே, நீங்கள் எங்கெங்கோ கவுன்டருக்குப் பின்னாலும் கரும்பலகைக்கு முன்னாலும் நின்றுகொண்டிருப்பீர்கள். இது உங்களுக்காகத்தான்.

முதல் கூட்டம்

வேலையில் சேர்ந்த மூன்றாம் நாள், ஒரு புளியமரத்தடியில் தாய்மார்களுக்குக் கூட்டம். அறையில் கண்ணாடி முன்னால் நின்று நாலு தடவை பேசிப் பார்த்துவிட்டுத்தான் போனேன். கண்ணாடியில் பார்த்தது என் ஒரு முகம். மரத்தடியில் முப்பது முகம். அதற்கும் பின்னால், புளி உலுக்க வந்த ஆண்கள் ஏழு பேர், வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. படம் வரைந்த அட்டையை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, அரைமணி நேரம் அட்டையிடம் பேசினேன். முடித்ததும் எங்கள் செவிலியர் ராணி சிஸ்டர், "இன்னா புரிஞ்சுது, யாராவது சொல்லுங்க" என்று கேட்டார். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, பொறுப்பாகப் பதில் சொன்னாள்:

"இன்னா சொன்னாங்கன்னு தெரியல சிஸ்டர், ஆனா பொண்ணு நல்லா வெக்கப்படுது."

ஆள் பஸ்ஸில், பால் வீட்டில்

அந்தக் கூட்டத்தில் நான் சொன்னது ஒருத்திக்கு மட்டும் கேட்டிருக்கிறது. மல்லிகா. ஐந்து மாதப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மறுநாளே சுகாதார நிலையத்துக்கு வந்துவிட்டாள்.

விஷயம் இதுதான். அவர்கள் ஊர் மகளிர் குழுவுக்குச் சாமையின் உமியை நீக்கும் இயந்திரம் ஒன்று வரப்போகிறது. அதை ஓட்டுவதற்கு மல்லிகாவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஆனால் கலசப்பாக்கத்தில் ஆறு நாள் பயிற்சி முடிக்க வேண்டும். காலை ஆறரை பஸ்ஸில் மலையிறங்கினால் மாலை ஆறு மணிக்குத்தான் திரும்ப முடியும். பயிற்சிக் கொட்டகையில் உமியும் தூசியும் பறக்கும், குழந்தையைத் தூக்கிப் போக முடியாது. ஒரு நாள் தவறினாலும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகக் குழுவில் சொல்லிவிட்டார்கள். பயிற்சி தொடங்க எட்டே நாள்.

"நேத்து நீங்க சொன்னீங்களே மேடம், பால எடுத்து வெச்சுட்டுப் போலாம்னு. நெசமாவா?" என்றாள்.

நிஜம்தான் என்றேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, சுத்தமான மூடி போட்ட பாத்திரத்தில் எடுக்கணும். வெளியே நிழலில் வைத்தால் நாலு மணி நேரம். ஃப்ரிட்ஜின் உள்தட்டில் நாலு நாள். மேலே ஐஸ் பெட்டியில் வைத்து உறைய விட்டால், ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜாக இருந்தாலும் இரண்டு வாரம் தாங்கும். இதையெல்லாம் நான் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். ஏனென்றால் அவள் கணவர் கோவிந்தனும் கூடவே வந்து கதவோரம் நின்றிருந்தார். குழந்தையைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்ளப் போகிறவர் அவர்தான். கறுத்த பெரிய மீசை, சாமை விதைத்த கை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அப்ப ஆளு பஸ்ல போவும், பாலு வூட்ல கீது... நான் எங்க மேடம் இருக்கறது?"

அந்தச் சொல்லை எழுதிக் காட்டினேன்

மல்லிகா வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. கூப்பிடு தூரத்தில் ஃப்ரிட்ஜ் இருப்பது சாந்தா அக்கா கடையில்தான். முன்னால் கடை, பின்னால் வீடு, இரண்டுக்கும் நடுவில் ஃப்ரிட்ஜ். அதில் சோடா, பால் ஐஸ், இட்லி மாவு, சாமிக்கு வாங்கிய பூ, ஆட்டுக்குப் போடும் மருந்து எல்லாம் ஒரே குடும்பமாக வாழ்ந்துகொண்டிருந்தன.

அனுமதி கேட்க என்னை அனுப்பினார்கள். கடை வாசலில் ஆறு ஆண்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். "அக்கா, உங்க ஃப்ரிட்ஜுல கொஞ்சம் பால் வைக்கணும்" என்றேன். "இன்னா பாலு? பாக்கெட்டா?" "இல்லக்கா." "எரும பாலா?" "இல்லக்கா." "ஆட்டுப் பாலா?" ஆறு டம்ளர்களும் அந்தரத்தில் நின்றன. எனக்குக் காது சூடாகிவிட்டது. ஒரு பீடிக்கட்டு அட்டையைக் கிழித்து, அதன் பின்னால் எழுதிக் கொடுத்தேன்.

சாந்தா அக்கா அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். பள்ளிப் பிரார்த்தனை மாதிரி முழு சத்தத்தில், ஒவ்வொரு எழுத்தாக, எதிர்ப்புறத்து பஸ் நிறுத்தம் வரைக்கும் கேட்கப் படித்தார். படித்து முடித்ததும் ஃப்ரிட்ஜைத் திறந்து, ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டுக்கொண்டே சொன்னார்:

"இதுக்கு எதுக்கும்மா எழுத்து? நாலு பெத்தவ நானு. இந்தக் கோழிக்கறிய எங்கியாச்சும் குடு, எடம் ஆவட்டும்."

பலாப்பழ டப்பா

சின்ன எவர்சில்வர் டப்பா இருபது சேர்ந்தது. உறையும்போது பால் உப்பும் என்பதால், விளிம்பு வரை ஊற்றாமல் மேலே கொஞ்சம் இடம் விடச் சொன்னேன். எடுத்த தேதியை ஒவ்வொரு மூடியிலும் எழுதி ஒட்டணும், பழசை முதலில் எடுத்துச் செலவழிக்கணும் என்றும் சொன்னேன். எழுதி ஒட்டும் பொறுப்பைக் கோவிந்தன் ஏற்றுக்கொண்டார். "எழுதறது என்கிட்ட வுடுங்க மேடம்" என்று அவர் சொன்ன உறுதியைப் பார்த்து எனக்கே தைரியம் வந்தது.

நாலாம் நாள் போய் ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்தேன். எல்லா மூடியிலும் அழகாகச் சீட்டு ஒட்டியிருந்தது. ஒன்றில் 'களி'. இன்னொன்றில் 'சாமைச் சோறு, கொள்ளுக் கொழம்பு'. மூன்றாவதில் 'களி'. அடியில் பத்திரமாக ஒன்று, 'பலாப்பழம்'. தேதி எங்கே என்றேன். மல்லிகா அன்றைக்கு என்ன சாப்பிட்டாள் என்று பார்த்து எழுதியிருப்பதாகவும், பலாப்பழ டப்பாவைப் பயிற்சியின் முதல் நாளுக்கென்று ஒதுக்கியிருப்பதாகவும் சொன்னார். அது நேற்று எடுத்தது, அதற்கு முன்னால் எடுத்ததெல்லாம் காத்திருக்கிறது, வரிசைப்படிதான் போகணும் என்று நான் விளக்கினேன். கோவிந்தன் டப்பாவை மனசில்லாமல் கடைசியில் வைத்தார்.

"நாமதான் தெனம் களி துன்றோம் மேடம். பாப்பாவாவது மாத்தி மாத்திக் குடிக்கட்டுமேன்னு பாத்தேன்."

ஒத்திகை

பயிற்சிக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு ஒத்திகை வைத்தோம். மல்லிகா பக்கத்து வீட்டில் ஒளிந்துகொள்ள வேண்டும். கோவிந்தன் தனியாக ஒரு டப்பாவை உருக்கிப் பாலாடைக் கிண்ணத்தில் ஊற்றிக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டும். நானும் ராணி சிஸ்டரும் வாய் திறக்காமல் பார்க்க வேண்டும். எனக்கு அது சுலபம். சிஸ்டருக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

முதல் டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து நன்றாகத்தான் உருக்கினார். மூடியைத் திறந்தவர் முகம் மாறிவிட்டது. மேலே கொழுப்பு தனியாக, அடியில் பால் தண்ணியாக இருந்தது. "திரிஞ்சி போச்சு" என்று, நாங்கள் எழுவதற்குள் கொல்லைக் கதவைத் திறந்து, யார் காலும் படாத இடமாகப் பார்த்து, கறிவேப்பிலைச் செடி வேரில் ஊற்றிவிட்டார். அது கெட்ட பால் இல்லை. தாய்ப்பால் அப்படித்தான் பிரிந்து நிற்கும், டப்பாவை மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். கேட்டுக்கொண்டே ஒளிந்திருந்த மல்லிகா ஓடி வந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர். "எத்தன தபா கை வலிக்க எடுத்தது தெரியுமாய்யா?" என்றாள். ஒரு டப்பா என்றால் அவளுக்கு ஒரு வேளைத் தூக்கம். கோவிந்தன் செடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டாவது டப்பாவை நன்றாகச் சுழற்றினார். சுழற்றிவிட்டு, நேராக அடுப்பில் ஏற்றினார். "பொங்காத பால எப்பிடி மேடம் புள்ளைக்குக் குடுக்கறது?" என்றார். மாட்டுப் பால் வேறு, இது வேறு, கொதித்தால் இதிலுள்ள நல்லதெல்லாம் போய்விடும், வெந்நீரில்கூட வேண்டாம், கை பொறுக்கும் தண்ணீர் போதும், மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் சூடும் தெரியக்கூடாது, ஜில்லென்றும் இருக்கக்கூடாது என்றேன். அதற்குள் பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. மிச்சமும் செடிக்கே போனது.

மூன்றாவது டப்பாவில்தான் எல்லாம் சரியாக வந்தது. குழந்தை பாதி குடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு தூங்கிப்போனது. மிச்சத்தைத் திரும்பவும் ஐஸ் பெட்டியில் வைக்கக் கிளம்பினார். உருகியதைத் திரும்ப உறைய வைக்கவே கூடாது, வாய் வைத்த மிச்சம் இரண்டு மணி நேரத்துக்குமேல் ஆகாது என்று நான் தடுத்தேன். இரண்டு மணி நேரம் பார்த்தோம், குழந்தை எழவில்லை. மறுபடி செடி. போகும் வழியில் ராணி சிஸ்டர் அந்தச் செடியின் இலையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இந்தக் கறிவேப்பில இன்னும் ரெண்டு மாசத்துல தவழும் பாரு."

மீசை வைத்த மல்லிகா

பயிற்சியின் முதல் நாள். மல்லிகா விடியலில் ஒருமுறை பால் கொடுத்துவிட்டு, இன்னொரு வேளைக்கு எடுத்தும் வைத்துவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பஸ் ஏறினாள். பத்து மணிக்கு நான் போனபோது குழந்தையின் அழுகை ரோட்டிலேயே கேட்டது. பால் சரியாக இருந்தது, சூடு சரியாக இருந்தது, பாலாடை சுத்தமாக இருந்தது. கொடுக்கிற ஆள்தான் அதற்குப் பிடிக்கவில்லை.

அம்மாவின் வாசனை இருக்கிற துணி ஏதாவது பக்கத்தில் இருந்தால் சில குழந்தைகள் சமாதானமாகும் என்று சொல்லிவிட்டு, ஒரு எடை பார்க்கும் வேலைக்காகப் பக்கத்துத் தெருவுக்குப் போனேன். திரும்பி வந்தால் அழுகை இல்லை. கோவிந்தன், மல்லிகாவின் நேற்றைய புடவையைத் தலையோடு முக்காடு போட்டு, முழுசாகச் சுற்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் சொன்னது ஒரு கைக்குட்டை அளவுத் துணி. ஆனால் குழந்தை ஒரு கையால் புடவையையும் மறு கையால் மீசையையும் பிடித்துக்கொண்டு பாலாடையில் மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தது. வேலை நடக்கும்போது திருத்தம் சொல்லக்கூடாது என்று நானும் விட்டுவிட்டேன். தலையில் விறகோடு வந்த எதிர்வீட்டுக்காரர் நின்று, நிதானமாகப் பார்த்து, கேட்டார்:

"இன்னா மல்லிகா, போன வேகத்துல வந்துட்ட? மீச எப்ப வெச்ச?"

வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த பிறகு

நாலு நாள் நன்றாகப் போனது. மல்லிகா இரவில் எடுத்ததும் காலியான டப்பாவில் ஐஸ் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. சோப்பு வாங்க சாந்தா அக்கா கடைக்குப் போயிருந்தேன். இருட்டத் தொடங்கிவிட்டது. கோவிந்தன் வேகமாக வந்தார். மலையேறும் வழியில் பஸ் டயர் பஞ்சராகி நிற்கிறதாம், மல்லிகா போன் செய்திருக்கிறாள். அன்றைக்கு எடுத்து வந்த மூன்று டப்பாவும் தீர்ந்துவிட்டது. குழந்தை பசியில் கத்துகிறது. பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு இன்னொரு டப்பாவுக்காக ஓடி வந்திருக்கிறார்.

சாந்தா அக்கா அப்போதுதான் விளக்கேற்றி, ஊதுவத்தியைச் செருகிவிட்டுத் திரும்பினார். "வெளக்கு வெச்சாச்சு. வெள்ளிக்கெழம வேற. பாலு வாசப்படி தாண்டாது" என்றார்.

"யக்கா, அது எம் பொண்டாட்டி பாலுக்கா!"

"யார் பாலா இருந்தா இன்னா? ரெண்டு வாரமா எந்த வூட்ல கீது? வெளக்கு வெச்சப்புறம் பால வெளிய குடுத்தா வூட்டு லட்சுமி கூடவே போயிடுவா."

கடையில் இருந்தவர்கள் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். "அப்ப ராத்திரில பால் ஐஸ் விக்கிறியே?" என்றார் ஒருவர். "அது ஐஸு." "பால் பவுடரு?" "அது பவுடரு." "டீ?" "டீய இங்கியே நின்னு குடிக்கிறீங்க. வூட்டுக்கா எடுத்துனு போறீங்க?"

அந்த வார்த்தையில் எனக்கு வழி தெரிந்துவிட்டது. "இங்கயே குடிச்சா தப்பில்லையாக்கா?" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். பக்கத்தில் இருந்தவர் "இன்னாம்மா, சோப்பா?" என்றார். மூன்றாம் தடவை என்னிடமிருந்து கிளம்பிய குரல் யாருடையது என்று எனக்கே தெரியவில்லை. "பாப்பாவத் தூக்கிட்டு வாங்க! இங்கயே குடிக்கட்டும்! பால் வாசப்படி தாண்ட வேணாம்!"

கடையே திரும்பிப் பார்த்தது. சாந்தா அக்கா விளக்கைப் பார்த்தார், ஃப்ரிட்ஜைப் பார்த்தார். "வந்த புள்ள வயிறு ரொம்பிப் போனா லட்சுமிக்கு இன்னா கோவம்? தூக்கியா போ" என்றார்.

குழந்தை வந்தது. அதன் கத்தலில் ஊதுவத்திப் புகையே கலைந்தது. டப்பாவோ கல். இட்லிக் குண்டானில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, மூடிக்குமேல் தண்ணீர் ஏறாதபடி அதில் நிற்க வைத்தேன். தண்ணீர் ஆற ஆற மாற்றினேன். சுற்றிலும் பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு யோசனை. "அடுப்புல ஒரு சூடு காட்டு." "கூடாது." "கொதிக்கற தண்ணியவே ஊத்தும்மா, எவ்ளோ நேரம்!" "கூடாது." "கொஞ்சம் சூடான பசும்பால் கலந்தா சீக்கிரம் உருகும்." "கூடவே கூடாது." டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர், "என் கக்கத்துல ரெண்டு நிமிசம் வெச்சிக்கினா?" என்றார். அவரை ஒரு பார்வை பார்த்தேன். நான் ஒரு ஆளை முறைத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

கால் மணி நேரம். உருகிய பாலைச் சுழற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, பாலாடையைக் கோவிந்தன் கையில் கொடுத்தேன். முதல் மடக்கு இறங்கியதும் அழுகை நின்றது. பன்னிரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு அந்தச் சின்னத் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு ஏப்பம். ஒருவர் கை தட்டினார்.

அப்போது ஒரு ஜீப் வந்து நின்றது. மல்லிகா குதித்து இறங்கினாள். தலை முழுக்க உமி. பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு, கடையில் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, என்னவோ ஏதோ என்று ஓடி வந்தவள், தகப்பன் தோளில் தூங்கும் குழந்தையைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "போதும் மேடம். நாளைக்கு நான் போவல. மிஷின் யாரு வேணா ஓட்டிக்கட்டும்" என்றாள். சாந்தா அக்காதான் ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்து அவள் முன்னால் நின்றார்.

"போவலையா? உம் பொண்ணு எங்க வூட்ல விருந்து துன்னுட்டுத் தூங்குது. இன்னும் நாலு டப்பா உள்ள கீது. ஒழுங்கா காலைல பஸ் ஏறு, வெளக்கு வெக்கற நேரத்துல என்கிட்ட எதுத்துப் பேசாத."

சர்டிபிகேட்

மல்லிகா ஆறாம் நாளும் போய் வந்தாள். இப்போது இயந்திரம் அவள் கையில்தான் ஓடுகிறது. இயந்திரம் வைத்த கொட்டகை ஊரில், வீட்டுக்கு அருகிலேயே இருப்பதால், பசித்த நேரத்துக்குக் குழந்தையே அவளைத் தேடிப் போகிறது, அப்பா தோளில். சாந்தா அக்கா ஃப்ரிட்ஜில் இப்போது இன்னும் இரண்டு தாய்மாரின் டப்பாக்கள். தேதி எழுதாத டப்பாவை அவர் உள்ளே விடுவதில்லை. அதோடு, வெள்ளிக்கிழமை என்றால் பொழுது சாய்வதற்குள் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு விதியையும் சேர்த்து, என்னைவிடச் சத்தமாகச் சொல்லிக்கொடுக்கிறார்.

பயிற்சி முடித்ததற்கு மல்லிகாவுக்குக் கலசப்பாக்கத்தில் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதைச் சட்டம் போட்டு மாட்ட ஆணி அடித்துக்கொண்டிருந்த கோவிந்தன், என்னைப் பார்த்ததும் சுத்தியலை நிறுத்தினார்.

"அவளுக்கு ஆறு நாள் பயிற்சி, சர்டிபிகேட் குடுத்துட்டாங்க. எனக்கு பதினாலு நாள் பயிற்சி மேடம், யாரு குடுப்பாங்க?"

இந்த வேலையில் எனக்குத் தெரியவந்தது இவ்வளவுதான்: பாலைக் குளிர வைக்க ஒரு ஃப்ரிட்ஜ் போதும், அதைச் சுற்றி நிற்கிறவர்களைக் குளிர வைக்கத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.